நகராட்சிக் கடன் பத்திரம் (இந்தியா)

நகராட்சிக் கடன் பத்திரம் என்பது மாநகராட்சி, நகராட்சி முதலிய நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் பொதுப்பணிகளுக்கான முதலீட்டைத் திரட்டும் பொருட்டு வெளியிடும் கடன் ஆவணம் ஆகும். பத்திரத்தை வாங்குவோர் நகராட்சிக்குக் கடன் கொடுத்தவர் ஆகின்றனர். நகராட்சி குறித்த காலம் வரை வட்டி செலுத்தி, முதிர்வின்போது அசலைத் திருப்பித் தருகிறது. இந்தியாவில் இம்முறை 1997 ஆம் ஆண்டு தொடங்கியது. குடிநீர், கழிவுநீர், சாலை ஆகிய பணிகளுக்கே இப்பத்திரங்கள் பெரும்பாலும் வெளியிடப்பட்டுள்ளன. 2023 ஆம் ஆண்டு இந்தூர் மாநகராட்சி சூரிய மின் நிலையம் ஒன்றிற்காகப் பொதுமக்களிடமிருந்து நேரடியாகப் பணம் திரட்டியது. தெருவிளக்குகளைப் புதுப்பிக்கும் பணி பெரும்பாலும் பத்திரத்தின் வழியாக அன்றி, மின்கட்டணச் சேமிப்பிலிருந்து பணம் செலுத்தும் ஒப்பந்தங்களின் வழியாக நடைபெற்றது. இவ்வேறுபாட்டிற்குக் காரணம், கடனைத் திருப்பிச் செலுத்தும் வருவாய் எது என்னும் கேள்விக்கு ஒவ்வொரு துறையும் தரும் விடை வேறுபடுவதே ஆகும்.

சட்ட அடிப்படை

1992 ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்டு 1993 சூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 74 ஆவது திருத்தம், நகராட்சிகளுக்கு அரசியலமைப்பு நிலையிலான ஏற்பை வழங்கியது. இத்திருத்தம் இணைத்த பன்னிரண்டாம் அட்டவணையில் நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 பணிகள் உள்ளன. அவற்றுள் 17 ஆவது பணி தெருவிளக்கு, வாகன நிறுத்துமிடம், பேருந்து நிறுத்தம் முதலிய பொது வசதிகள் ஆகும். மின் உற்பத்தியோ மின் பகிர்மானமோ இவ்வட்டவணையில் இல்லை. ஆகவே தெருவிளக்கை எரிக்கும் பொறுப்பு நகராட்சியிடமும், அதற்கான மின்சாரத்தின் விலையை நிர்ணயிக்கும் அதிகாரம் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்திடமும் உள்ளன.

நகராட்சி தன் விருப்பப்படி கடன் வாங்க இயலாது. 1914 ஆம் ஆண்டின் உள்ளாட்சி அமைப்புகள் கடன் சட்டமும், அந்தந்த மாநிலத்தின் நகராட்சிச் சட்டங்களும் கடனுக்கு அரசின் முன் அனுமதியைக் கட்டாயமாக்குகின்றன. கடனுக்கான நோக்கம், உச்சவரம்பு, திருப்பிச் செலுத்தும் காலம் ஆகியவை இவ்வனுமதியில் வரையறுக்கப்படும். தமிழ்நாட்டில் 1998 ஆம் ஆண்டு இயற்றப்பட்டு நெடுங்காலம் நிறுத்திவைக்கப்பட்டிருந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது.

செபி ஒழுங்குமுறைகள்

இந்தியப் பங்கு பரிவர்த்தனை வாரியமான செபி, 2015 ஆம் ஆண்டு சூலையில் நகராட்சிகள் கடன் பத்திரம் வெளியிடுவதற்கும் அவற்றைச் சந்தையில் பட்டியலிடுவதற்குமான ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. இவை பின்னர் பலமுறை திருத்தப்பட்டன. முதலில் வெளியிடப்பட்ட ஒழுங்குமுறைகளின் முக்கியக் கூறுகள் பின்வருமாறு:

- முந்தைய மூன்று நிதியாண்டுகளில் எதிலும் நகராட்சியின் நிகர மதிப்பு எதிர்மறையாக இருத்தல் கூடாது.
- முந்தைய 365 நாட்களில் எந்தக் கடனையும் திருப்பிச் செலுத்தத் தவறியிருத்தல் கூடாது.
- பொதுமக்களுக்கு வெளியிடப்படும் பத்திரத்தின் காலம் மூன்று ஆண்டுகளுக்குக் குறையலாகாது. முதலீட்டிற்கு உகந்தது என்னும் தரமதிப்பீடும் அதற்குத் தேவை.
- பொதுமக்களுக்கு வருவாய்ப் பத்திரங்களை மட்டுமே வெளியிடலாம்.
- திருப்பிச் செலுத்துவதற்கான வருவாய் தனியான எஸ்க்ரோ கணக்கில் சேர்க்கப்பட வேண்டும்.

எஸ்க்ரோ கணக்கு என்பது நகராட்சியின் பொதுக் கருவூலத்தில் கலவாத வங்கிக் கணக்கு ஆகும். குறிப்பிட்ட வரி அல்லது கட்டணம் முதலில் இக்கணக்கிற்கு வரும். வட்டிக்கும் அசலுக்கும் உரிய தொகை எடுத்து வைக்கப்பட்ட பின்னரே எஞ்சியது நகராட்சியின் பிற செலவுகளுக்குச் செல்லும். தேர்தலுக்குப் பின் மன்றம் மாறினாலும், ஆணையர் மாறினாலும் இவ்வரிசை மாறாது. கடன் கொடுப்போருக்கு உள்ள முதன்மையான பாதுகாப்பு இதுவே.

வகைகள்

பொதுப் பொறுப்புப் பத்திரம்: நகராட்சியின் மொத்த வருவாயையும் அடிப்படையாகக் கொண்டது. எந்தப் பணிக்காகக் கடன் வாங்கப்பட்டதோ அப்பணி வருவாய் தராவிட்டாலும் சொத்துவரி முதலியவற்றிலிருந்து கடன் அடைக்கப்படும்.

வருவாய்ப் பத்திரம்: குறிப்பிட்ட திட்டத்தின் அல்லது குறிப்பிட்ட வரியின் வருவாயை அடிப்படையாகக் கொண்டது. சுங்கச் சாலை, குடிநீர்க் கட்டணம் ஆகியன எடுத்துக்காட்டுகள்.

தொகுப்புப் பத்திரம்: தனித்துக் கடன் திரட்ட இயலாத சிறிய நகராட்சிகள் பல ஒன்று சேர்ந்து, ஓர் இடைநிலை அமைப்பின் வழியாக வெளியிடுவது.

பசுமைப் பத்திரம்: திரட்டிய பணம் சுற்றுச்சூழலுக்கு உகந்த பணிகளுக்கு மட்டுமே செலவிடப்படும் என்னும் உறுதியுடன் வெளியிடப்படுவது. திருப்பிச் செலுத்தும் முறையில் இது மேற்கண்ட வகைகளுள் ஒன்றாகவே அமையும்.

வரலாறு

இந்தியாவின் முதல் நகராட்சிக் கடன் பத்திரத்தை 1997 ஆம் ஆண்டு பெங்களூர் மாநகராட்சி மாநில அரசின் உத்தரவாதத்துடன் வெளியிட்டது. அதன் மதிப்பு 125 கோடி ரூபாய். 1998 ஆம் ஆண்டு அகமதாபாத் மாநகராட்சி மாநில அரசின் உத்தரவாதம் ஏதுமின்றி 100 கோடி ரூபாய் திரட்டியது. நகரின் சில சோதனைச் சாவடிகளில் வசூலாகும் ஆக்ட்ராய் என்னும் நுழைவு வரி இதற்கு ஈடாக எஸ்க்ரோ கணக்கில் வைக்கப்பட்டது. 2002 ஆம் ஆண்டு அந்நகரமே வருமான வரிவிலக்குப் பெற்ற பத்திரத்தையும் வெளியிட்டது. பின்னர் பல ஆண்டுகள் இச்சந்தையில் பெரிய வளர்ச்சி ஏற்படவில்லை.

2015 இன் ஒழுங்குமுறைகளுக்குப் பின் வெளியான பத்திரங்களுள் சில:

- புனே (2017): 200 கோடி ரூபாய், 7.59 விழுக்காடு வட்டி, குடிநீர்த் திட்டம்.
- ஐதராபாத் (2018): 200 கோடி ரூபாய், 8.90 விழுக்காடு வட்டி, சாலைத் திட்டம்.
- லக்னோ (2020): 200 கோடி ரூபாய், 8.50 விழுக்காடு வட்டி.
- காசியாபாத் (2021): 150 கோடி ரூபாய், 8.10 விழுக்காடு வட்டி. கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு விற்கும் திட்டம். இந்திய நகராட்சி ஒன்றின் முதல் பசுமைப் பத்திரம் இதுவாகும்.
- இந்தூர் (2023): 244 கோடி ரூபாய், 8.25 விழுக்காடு வட்டி, சூரிய மின் நிலையம்.

நகராட்சிகளை இவ்வழிக்கு ஈர்க்கும் பொருட்டு நடுவண் அரசு அம்ருத் திட்டத்தின் கீழ், திரட்டப்படும் ஒவ்வொரு 100 கோடி ரூபாய்க்கும் 13 கோடி ரூபாய் வீதம், 26 கோடி ரூபாய் என்னும் உச்சவரம்புடன் ஊக்கத்தொகை வழங்கியது.

தமிழ்நாட்டில்

மதுரை மாநகராட்சி 2001 ஆம் ஆண்டு 30 கோடி ரூபாய் மதிப்புள்ள பத்திரத்தை 12.25 விழுக்காடு வட்டியில் வெளியிட்டது. உள்வட்டச் சாலைக்காக முன்னர் வாங்கிய கூடுதல் வட்டிக் கடனை அடைப்பதற்கு இத்தொகை பயன்பட்டது. அச்சாலையின் சுங்கக் கட்டணம் பத்திரத்திற்கு ஈடாக அமைந்தது.

2002 ஆம் ஆண்டு இறுதியில் தமிழ்நாட்டில் இந்தியாவின் முதல் தொகுப்புப் பத்திரம் வெளியிடப்பட்டது. குடிநீர், துப்புரவுத் தொகுப்பு நிதியம் என்னும் அமைப்பின் வழியாக 13 சிறிய உள்ளாட்சிகளுக்காக 30.41 கோடி ரூபாய், 15 ஆண்டுக் காலத்திற்கு 9.20 விழுக்காடு வட்டியில் திரட்டப்பட்டது. ஏதேனும் ஒரு நகராட்சி தவணை தவறினால் அதற்கு மாநில அரசு வழங்க வேண்டிய நிதிப்பகிர்விலிருந்து அத்தொகை பிடித்தம் செய்யப்படும் என்பது இதன் அடிப்படை ஏற்பாடு. அசலில் பாதிக்கு ஐக்கிய அமெரிக்காவின் பன்னாட்டு வளர்ச்சி முகமை உத்தரவாதம் அளித்தது. தரமதிப்பீட்டு நிறுவனத்தின் வாயிலை எட்டவே இயலாத சிறு நகரங்கள் மதுரையை விடக் குறைந்த வட்டியில் கடன் பெற்றமை குறிப்பிடத்தக்கது. இவ்வேறுபாட்டில் ஒரு பகுதி அக்காலத்தில் நாட்டின் பொது வட்டி விகிதம் குறைந்ததாலும் விளைந்தது.

பெருநகர சென்னை மாநகராட்சி 2025 ஆம் ஆண்டில் மழைநீர் வடிகால் பணிக்காக ஏறத்தாழ 200 கோடி ரூபாயைக் கடன் பத்திரத்தின் வழியாகத் திரட்டியது.

தெருவிளக்குகள்

தெருவிளக்கின் பயனை ஒருவருக்கு அளித்து மற்றவருக்கு மறுக்க இயலாது. எனவே அதற்குக் குடிநீர் போலக் கட்டணம் வசூலிக்க இயலாது. சுங்கச் சாலை போன்ற தனி வருவாய் அதற்கு இல்லை. ஆகவே தெருவிளக்கிற்கென வருவாய்ப் பத்திரம் வெளியிடுவது கடினம். அதற்கு மாறாக, மின்கட்டணத்தில் மிச்சமாகும் தொகையே வருவாயாகக் கொள்ளப்படுகிறது.

மகாராட்டிர மாநிலம் அகோலாவில் 2007 ஆம் ஆண்டு இம்முறை கையாளப்பட்டது. 11,500 இற்கும் மேற்பட்ட பழைய விளக்குகளைத் தனியார் நிறுவனம் தன் செலவில் மெல்லிய குழல்விளக்குகளாக மாற்றியது. மின் பயன்பாடு 56 விழுக்காடு குறைந்தது. சேமிப்பில் 95 விழுக்காட்டை ஆறாண்டுகளுக்கு அந்நிறுவனத்திற்கு வழங்க மாநகராட்சி ஒப்புக்கொண்டது.

2014 அக்டோபரில் ஊதூத் புயல் விசாகப்பட்டினத்தைத் தாக்கிய பின், நடுவண் அரசுப் பொதுத்துறை நிறுவனங்கள் இணைந்து உருவாக்கிய எரிசக்தித் திறன் சேவை நிறுவனம் அந்நகரில் சுமார் 91,000 தெருவிளக்குகளை எல்.இ.டி. விளக்குகளாக மாற்றியது. 2015 சனவரி 5 அன்று தேசியத் தெருவிளக்குத் திட்டம் தொடங்கப்பட்டது. முதலீடு முழுவதையும் நிறுவனமே செய்து, பொதுவாக ஏழாண்டுகள் பராமரித்து, நகராட்சியின் மின்சாரச் சேமிப்பிலிருந்து தவணையாகப் பெறுவது இத்திட்டத்தின் முறை. நாடு முழுவதும் 1.3 கோடிக்கும் மேற்பட்ட விளக்குகள் இவ்வாறு மாற்றப்பட்டன.

சேமிப்பைக் கணக்கிடும் முறை

பின்வரும் கணக்கு விளக்கத்திற்காக எடுத்துக்கொள்ளப்பட்ட எண்களைக் கொண்டது. ஒரு நகரில் 10,000 சோடியம் ஆவி விளக்குகள் உள்ளன எனவும், ஒவ்வொன்றும் துணைக்கருவியுடன் 170 வாட்டு மின்சாரம் கொள்கிறது எனவும் கொள்வோம். இவற்றுக்கு மாற்றாக 70 வாட்டு எல்.இ.டி. விளக்குகள் பொருத்தப்படுகின்றன. நாளொன்றுக்கு 11 மணி நேரம் எரிந்தால் ஆண்டுக்கு 4,015 மணி நேரம். விளக்கொன்றுக்கு 100 வாட்டு வீதம் மொத்தச் சேமிப்பு 1,000 கிலோவாட்டு, அதாவது ஆண்டுக்கு 40.15 இலட்சம் யூனிட். யூனிட் 7 ரூபாய் எனில் ஆண்டுக்குச் சுமார் 2.81 கோடி ரூபாய் மிச்சமாகும். விளக்கொன்றுக்கு 6,000 ரூபாய் வீதம் முதலீடு 6 கோடி ரூபாய் எனில், வட்டி நீங்கலாக இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல் போட்ட பணம் திரும்பிவிடும்.

ஆனால் பழைய விளக்குகளில் 3,000 விளக்குகள் பழுதாகி எரியாமலே இருந்தன எனில் கணக்கு மாறிவிடும். முன்னர் உண்மையில் எரிந்தவை 7,000. அவை கொண்ட மின்சாரம் 1,190 கிலோவாட்டு. புதியவை 10,000 விளக்குகளும் எரிவதால் 700 கிலோவாட்டு கொள்ளும். சேமிப்பு 490 கிலோவாட்டு மட்டுமே. பணமாக ஆண்டுக்குச் சுமார் 1.38 கோடி ரூபாய். இருளில் கிடந்த தெருக்கள் ஒளி பெறுகின்றன என்பதால் மக்களுக்கு இது நன்மையே. ஆயினும் தாளில் காட்டிய சேமிப்பில் பாதிகூட நகராட்சியின் கையில் மிஞ்சாது. தவணையோ தாளில் உள்ள எண்ணின்படி வரும். வேறு வகையில் கூறினால், முன்பு பராமரிப்பில் நன்கு செயற்பட்ட நகராட்சிக்குச் சேமிப்பு மிகுதியாகவும், விளக்குகளைப் பழுதாக விட்ட நகராட்சிக்குக் குறைவாகவும் கிடைக்கும்.

தெருவிளக்கு இணைப்புகளுக்கு மின்மானி இல்லாத இடங்களில், பொருத்தப்பட்ட விளக்குகளின் திறனை வைத்தே கட்டணம் கணக்கிடப்படுவதுண்டு. அங்கு எரியாத விளக்குக்கும் கட்டணம் செலுத்தப்படும். மின்வழங்கல் நிறுவனத்தின் பதிவேட்டில் புதிய திறன் ஏற்றப்படும் வரை கட்டணம் குறையாது. ஆகவே ஒப்பந்தத்திற்கு முன் விளக்குகளை எண்ணுதலும், மின்மானி பொருத்துதலும், அடிப்படைப் பயன்பாட்டை இரு தரப்பும் ஏற்றுக் கையொப்பமிடுதலும் இன்றியமையாதவை.

ஒளியின் அளவும் கவனத்திற்குரியது. இந்தியத் தரநிர்ணயமான ஐ.எஸ். 1944 முதன்மைச் சாலைகளுக்குச் சராசரியாக 30 லக்சு, சிறு குடியிருப்புத் தெருக்களுக்கு 4 லக்சு எனச் சாலையின் வகைக்கேற்ப ஒளியளவை வகுத்துள்ளது. திறன் குறைந்த விளக்கைப் பொருத்தி ஒளியையும் குறைத்துவிட்டால் அது சேமிப்பு ஆகாது.

சூரிய மின்சாரமும் ஊக்கத்தொகைகளும்

இந்தூர் எடுத்துக்காட்டு

இந்தூர் நகருக்கான குடிநீர் சுமார் 70 கி.மீ. தொலைவில் உள்ள சலூது என்னும் இடத்தில் நருமதை ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டு மேட்டுநிலத்திற்கு ஏற்றப்படுகிறது. இதற்கான மின்கட்டணம் மாநகராட்சியின் பெருஞ்செலவுகளுள் ஒன்று. அதைக் குறைக்க 60 மெகாவாட்டு சூரிய மின் நிலையம் திட்டமிடப்பட்டது. 2023 பிப்ரவரியில் இதற்கான பசுமைப் பத்திரம் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது. குறைந்த அளவு விண்ணப்பத் தொகை 10,000 ரூபாய். ஒவ்வொரு பத்திரமும் 3, 5, 7, 9 ஆண்டுகளில் முதிரும் நான்கு சம பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கோரப்பட்ட 122 கோடி ரூபாயைப் போல் ஏறத்தாழ ஆறு மடங்கு விண்ணப்பங்கள் வந்தன. இறுதியில் 244 கோடி ரூபாய் திரட்டப்பட்டது.

இங்கும் கடனை அடைப்பதற்கான பொருளாதார அடிப்படை மின்கட்டணச் சேமிப்பே. தெருவிளக்குடன் ஒப்பிடுகையில் இரு வேறுபாடுகள் உள்ளன. முதலாவதாக, சூரிய மின் நிலையம் உற்பத்தி செய்யும் ஒவ்வொரு யூனிட்டும் மானியில் பதிவாகிறது. சேமிப்பை ஊகிக்க வேண்டியதில்லை. இரண்டாவதாக, முதலீட்டின் அளவு பெரிது. தரமதிப்பீடு, சட்ட ஆலோசனை, அறங்காவலர், பட்டியலிடல் ஆகியவற்றுக்கான செலவு பத்திரத்தின் அளவு சிறிதாயினும் பெரிதாகக் குறைவதில்லை. மேற்காட்டிய 6 கோடி ரூபாய்த் தெருவிளக்குத் திட்டம் இச்செலவைத் தாங்காது. 244 கோடி ரூபாய்த் திட்டம் தாங்கும்.

வீடுகளுக்கான ஊக்கத்தொகைகள்

நகராட்சிகள் தம் கையிலுள்ள சொத்துவரியைக் கருவியாகக் கொண்டு சூரிய ஆற்றலை ஊக்குவித்ததுண்டு. தானே மாநகராட்சி, சூரிய வெந்நீர்க் கலன் பொருத்திய கட்டடங்களுக்குச் சொத்துவரியில் 10 விழுக்காடு தள்ளுபடி அறிவித்தது. இவ்வகைத் தள்ளுபடி நகராட்சியின் சொந்த வருவாயைக் குறைக்கிறது. அதே சொத்துவரி கடன் பத்திரத்திற்கு ஈடாக வைக்கப்பட்டிருந்தால் தள்ளுபடியின் அளவைக் கடன் கொடுத்தோரின் பாதுகாப்புடன் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2012 ஆம் ஆண்டு வெளியிட்ட சூரிய ஆற்றல் கொள்கை, 3,000 மெகாவாட்டு உற்பத்தியையும், ஒரு இலட்சம் தெருவிளக்குகளைச் சூரிய ஆற்றலில் எரிப்பதையும் இலக்குகளாகக் கொண்டிருந்தது. வீட்டுக் கூரையில் உற்பத்தியாகும் மின்சாரத்திற்கு முதல் இரண்டு ஆண்டுகள் யூனிட்டுக்கு 2 ரூபாய், அடுத்த இரண்டு ஆண்டுகள் 1 ரூபாய், அதற்கடுத்த இரண்டு ஆண்டுகள் 50 காசு என உற்பத்திசார் ஊக்கத்தொகையும் அதில் அறிவிக்கப்பட்டது. 2014 மார்ச்சு 31 இற்கு முன் நிறுவப்பட்டவற்றுக்கே இது உரியது.

2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட நடுவண் அரசின் பிரதமரின் சூரியவீடு திட்டம் ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டது. 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டு அல்லது அதற்கு மேல் 78,000 ரூபாய் என மானியம் நிர்ணயிக்கப்பட்டது. தம் எல்லைக்குள் நிறுவப்படும் ஒவ்வொரு வீட்டு அமைப்புக்கும் 1,000 ரூபாய் வீதம் உள்ளாட்சிகளுக்கும் ஊக்கத்தொகை உண்டு.

நிறைகளும் குறைகளும்

கடன் பத்திரம் வெளியிட விரும்பும் நகராட்சி தன் கணக்கை இரட்டைப் பதிவு முறையில் எழுதி, தணிக்கை செய்து, வெளியிட வேண்டும். கடன் பெறாவிட்டாலும் இப்பழக்கம் மக்களுக்குப் பயனளிப்பது. வெள்ளமோ நோய்த்தொற்றோ வந்த ஆண்டிலும் தவணை நிற்காது என்பதால், வரி வசூல் குறைந்தால் துப்புரவு, விளக்குப் பராமரிப்பு முதலிய அன்றாடப் பணிகளே முதலில் வெட்டப்படும் என்பது இதன் மறுபக்கம்.

சேமிப்பிலிருந்து செலுத்தும் ஒப்பந்தத்தில் இடர் இடம் மாறுகிறது. எஸ்க்ரோ கணக்கு இல்லாத நிலையில், மின்கட்டணம் குறைந்ததால் மிஞ்சிய பணம் பொதுக் கருவூலத்தில் கலந்து வேறு செலவுகளுக்குச் சென்றுவிடக்கூடும். தேசியத் தெருவிளக்குத் திட்டத்தில் பல நகராட்சிகள் எரிசக்தித் திறன் சேவை நிறுவனத்திற்குப் பெருந்தொகையை நிலுவை வைத்தன. பணம் வராதபோது பழுதான விளக்கை மாற்றுவதில் நிறுவனத்திற்கு அக்கறை குறைகிறது. விளக்கு எரியாதபோது பணம் தர நகராட்சி மறுக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையில் தெரு இருளில் கிடக்கிறது.

இதற்குத் தீர்வாக, பத்திரத்திற்குரிய எஸ்க்ரோ ஏற்பாட்டைத் தெருவிளக்கு ஒப்பந்தங்களுக்கும் விரிவாக்குதல், சிறு நகரங்களின் விளக்குத் திட்டங்களை 2002 ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு முறையில் ஒன்றாகத் தொகுத்தல், தெருவிளக்கு இணைப்பு அனைத்திற்கும் மின்மானி பொருத்துதல் ஆகியன முன்வைக்கப்படுகின்றன. இவற்றுள் மின்மானி பொருத்துதல் செலவில் சிறியது. எனினும் அளக்கப்படாத சேமிப்பை ஈடாக வைக்க இயலாது என்பதால் மற்ற இரண்டிற்கும் அதுவே முன்தேவையாக அமைகிறது.